மகளின் பைக்குள் இருந்த விதித் தாள்



பளையிலிருந்து இதை எழுதுகிறேன். ஏ-9 வீதியில் ஆனையிறவைத் தாண்டி யாழ்ப்பாணம் நோக்கிப் போகும்போது வருகின்ற ஊர் இது. தென்னந்தோட்டங்களுக்குப் பெயர் போனது. இப்போது தென்னைகளுக்கு மேலாகக் காற்றாலைகளும் சுழல்கின்றன. போரினால் நின்றுபோன ரயில் 2014 மார்ச்சில் பளை வரை வந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. ரயில் வந்த பிறகுதான் என் கணவரும் இங்கு வந்து, தேங்காய் வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் தொழிலைத் தொடங்கினார். பிள்ளைகளின் படிப்பை எண்ணி நானும் பின்னால் வந்து சேர்ந்தேன். எங்கள் ஒழுங்கையில் முஸ்லிம் வீடு எங்களுடையது ஒன்றுதான்.

ஒரு நாள் பாடசாலை விட்டு வந்த மகள், புத்தகப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அவளுக்கு வயது 13.

"உம்மா, இதில ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்கோ."

பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான ஐவர் உதைபந்தாட்டச் சுற்று. ஃபுட்சால் என்கிறார்களே, அதுதான். ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு வேறொன்று. தாளின் இரண்டு பக்கமும் விளையாட்டு விதிகள். அடியில் பெற்றோர் சம்மதம் என்று ஒரு கோடு.

உள்ளதைச் சொல்கிறேன் சகோதரிகளே, நான் அதை வாசிக்கவே இல்லை. "பிறகு பார்ப்பம்" என்று அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டேன். நம் வீடுகளில் "பிறகு பார்ப்பம்" என்றால் என்ன பொருள் என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. முகம் சுருங்கிப் போய் விட்டாள்.

அன்றிரவு புத்தளத்திலிருந்து மாமி தொலைபேசியில் வந்தார். வாய் தவறி விசயத்தைச் சொல்லிவிட்டேன். "பொம்புளப் புள்ள பந்தடிக்கிறதா? ஊரென்ன, சனமென்ன, யோசிச்சியா?" என்றார். நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்ததால் மறுத்துப் பேச ஒன்றும் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் என் கணவர்தான் கேட்டார்: "வேண்டாமெண்டா வேண்டாம். ஆனா அந்தத் தாளை நீ வாசிச்சியா?"

வெட்கமாகப் போய்விட்டது. வாசிக்காமல் ஒப்பமிடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற நான், வாசிக்காமலே மறுத்திருக்கிறேன். இஷாத் தொழுதுவிட்டு, தாளை எடுத்து விளக்கடியில் உட்கார்ந்தேன்.

விதி என்றால் ஏதோ கட்டளைகள் என்றுதான் நினைத்தேன். வாசிக்க வாசிக்க, யாரோ ஒருவர் பிள்ளைகளை மனதில் வைத்து உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பது தெரிந்தது. இந்த விளையாட்டு பிறந்த கதையும் அப்படித்தான். 1930இல் உருகுவே நாட்டின் மொன்டிவிடியோ நகரில் ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர், இளைஞர்கள் சிறிய இடத்துக்குள் பந்து விளையாட ஏற்ற விதிகளை எழுதினார். கூடைப்பந்திலிருந்து அணிக்கு ஐந்து பேர் என்பதையும், கைப்பந்தாட்டத்திலிருந்து தளத்தின் அளவையும், நீர்ப்பந்தாட்டத்திலிருந்து கோல் காப்பாளருக்குரிய விதிகளையும் எடுத்துக் கோத்தார். இருந்த இடத்துக்கும் இருந்த பிள்ளைகளுக்கும் ஏற்ப விளையாட்டை வெட்டித் தைத்தார் என்று சொல்லலாம். நாம் பெரிய பிள்ளையின் சட்டையைச் சின்னப் பிள்ளைக்குப் பிடித்துத் தைப்பதில்லையா, அதைப் போல.

சர்வதேச ஆட்டத்துக்குப் பெரிய தளம் வேண்டும். மற்ற ஆட்டங்களுக்கு 25 மீற்றர் நீளமும் 16 மீற்றர் அகலமும் இருந்தாலும் போதும். இங்கே பாடசாலையில் இருப்பது வலைப்பந்தாட்டத் தளம். அதன் நீளம் 30.5 மீற்றர், அகலம் 15.25 மீற்றர். குறைகிற முக்கால் மீற்றருக்காக இரு பக்கமும் சுண்ணாம்புக் கோட்டைக் கொஞ்சம் வெளியே தள்ளிப் போட்டிருந்தார்கள். பந்தும் சாதாரண உதைபந்தை விடச் சிறியது. அதிகம் துள்ளாது. 2 மீற்றர் உயரத்திலிருந்து விட்டால் 65 சென்ரிமீற்றருக்கு மேல் எழக் கூடாது என்பது கணக்கு. பந்து வானத்தில் பறக்காமல் காலடியில் கிடப்பதால், பலசாலியை விடக் கெட்டிக்காரிக்கே இதில் வேலை அதிகம். உயரம் குறைந்த, மெலிந்த என் மகளுக்கு இதில் ஏன் இத்தனை ஆசை என்பது அப்போதுதான் விளங்கியது.

ஆட்களை மாற்றுவதற்கு எல்லை கிடையாது. வெளியே போனவள் களைப்பாறி மீண்டும் உள்ளே வரலாம். எங்கள் தாளில் இன்னொன்றும் சேர்த்திருந்தார்கள்: பெயர் கொடுத்த ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு பாதியிலும் கொஞ்ச நேரமாவது விளையாடியே ஆக வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள் ஆட, மற்றப் பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தல் காவுகின்ற கதை இங்கே இல்லை. பெரிய ஆட்டத்தில் ஒரு பாதி 20 நிமிடம். இவர்களுக்கு 12 நிமிடமாகக் குறைத்திருந்தார்கள்.

உடைதான் எனக்குப் பெரிய யோசனை. அதைப் பற்றியும் நான் அறியாமல் இருந்திருக்கிறேன். 2007இல் கனடாவில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி ஹிஜாபோடு விளையாடியதற்காக ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டாள். 2011இல் ஒலிம்பிக் தகுதிகாண் ஆட்டத்துக்காக ஜோர்தானின் அம்மான் நகருக்குப் போன ஈரான் பெண்கள் அணி, தலையை மூடிய உடையினால் ஆட முடியாமல் கண்ணீரோடு நின்றது. ஜோர்தானின் இளவரசர் அலீ பின் அல்-ஹுசைன் போன்றோர் இதற்காக வாதாடினார்கள். 2012இல் பரீட்சார்த்தமாக அனுமதி கிடைத்து, 2014 மார்ச்சில் அது நிரந்தர விதியாயிற்று. 2023 ஜூலை 30ஆம் திகதி மொரோக்கோவின் நுஹைலா பென்ஸினா ஹிஜாபுடன் பெண்கள் உலகக் கிண்ணத்தில் ஆடினார். அந்தக் கிண்ணத்தில் அப்படி ஆடிய முதற் பெண் அவர்தான். ஃபுட்சாலில் ஈரான் பெண்கள் 2015இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்றவர்கள். 2025இல் பிலிப்பைன்ஸில் முதன்முதலாக நடந்த பெண்கள் ஃபுட்சால் உலகக் கிண்ணத்திலும் அவர்கள் ஆடினார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் சகோதரிகளே: இந்த உரிமை யாரோ சிலர் அழுது, கேட்டு, காத்திருந்து பெற்றது.

அதற்கும் நிபந்தனைகள் உண்டு. தலைத்துணி கறுப்பாகவோ மேற்சட்டையின் நிறத்திலோ இருக்க வேண்டும். சட்டையோடு சேர்த்துத் தைக்கக் கூடாது. கழுத்தடியில் ஊசியோ கொளுவியோ இருக்கக் கூடாது. தொங்கலும் கூடாது. தோடு, காப்பு, சங்கிலி எதுவும் போடக் கூடாது. பிளாஸ்டர் ஒட்டி மறைத்தாலும் ஏற்கமாட்டார்கள். முழங்காலுக்குக் கீழே காலுறைக்குள் காப்புத் தட்டு கட்டாயம். நீளக் காற்சட்டை அணியலாம் என்று எங்கள் தாளில் தனியாகவே எழுதியிருந்தார்கள். ஆட்டங்கள் மாலை ஐந்தரைக்குள் முடியும் என்றும் இருந்தது. அஸர் தொழுதுவிட்டுப் போனால் மஃரிபுக்கு வீட்டில் இருக்கலாம். பெண் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு மத்தியஸ்தர் ஒரு ஆசிரியை.

இவ்வளவையும் வாசித்த பிறகும் கை பேனாவை எடுக்கவில்லை. கடைசிக்கு முந்திய விதிதான் என்னை எடுக்க வைத்தது. அது எந்த நாட்டு ஃபுட்சால் புத்தகத்திலும் இருக்காது.

"பந்து வேலிக்கு அப்பால் போனால் பிள்ளைகள் எவரும் எடுக்கப் போகக் கூடாது. பொறுப்பானவர் மட்டுமே போவார். மீறினால் அந்த அணியின் ஆட்டம் அத்துடன் நிறுத்தப்படும்."

மற்ற ஊர்ச் சகோதரிகளுக்கு இது புதுமையாக இருக்கலாம். பளைக்கு வடக்கே முகமாலை. பல ஆண்டுகள் போர் முன்னரங்காகக் கிடந்த மண். இலங்கையில் மிக மோசமாகக் கண்ணிவெடி புதைக்கப்பட்ட இடங்களில் ஒன்று. 2002 முதல் ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்களும் இராணுவத்தின் பிரிவும் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வெடிகளை அகற்றி வந்துள்ளன. ஒரு சாண் நிலமாகக் கிளறி எடுக்கிற அந்த வேலையில் வடக்குப் பெண்கள் பலரும் ஈடுபட்டார்கள். அவர்களில் குடும்பத்தைத் தனியே சுமந்த தாய்மாரும் உண்டு. 2017 டிசம்பரில் இலங்கை கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. பாடசாலைக் காணி எப்போதோ துப்புரவாக்கப்பட்டதுதான். ஆனாலும் வேலிக்கு அப்பால் ஓடுகிற பந்தின் பின்னால் ஓடக் கூடாது என்ற பழக்கம் இங்குள்ள பிள்ளைகளுக்கு இரத்தத்தில் ஊற வேண்டும். அதை எழுதியவர் ஒரு வெற்றியை விட ஒரு பிள்ளையின் காலை மேலாக மதித்தவர். அப்படிப்பட்டவரிடம் என் பிள்ளையை ஒப்படைக்கலாம் என்று தோன்றியது. பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையெழுத்திட்டேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நானும் வருவேன் என்று மகளிடம் சொன்னேன். "வாங்கோ உம்மா" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

முதல் ஆட்டம் நன்றாகப் போயிற்று. இரண்டாம் ஆட்டத்தில் நடந்ததைத்தான் உங்களோடு பகிர வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன்.

ஃபுட்சாலில் பவுல்களை எண்ணுவார்கள். தள்ளுதல், இழுத்தல், காலைத் தட்டிவிடுதல் போன்றவற்றை யார் செய்தாலும் அது அணியின் கணக்கில் ஏறும். ஒரு பாதியில் ஐந்து வரை எதிரணி உதைக்கும்போது நம் பிள்ளைகள் முன்னால் மதிலாக நின்று மறைக்கலாம். ஆறாவதிலிருந்து மதில் கிடையாது. கோலிலிருந்து 10 மீற்றரில் பந்தை வைத்து உதைப்பார்கள். கோல் காப்பாளர் தன்னந்தனியே நிற்க வேண்டும்.

இரண்டாம் பாதி. கோல்கள் ஒன்றுக்கு ஒன்று. மேசையில் எங்கள் அணியின் பெயருக்கு நேரே ஐந்து கோடுகள் விழுந்திருந்தன. மூன்று நிமிடம் மீதி. எதிரணிப் பிள்ளை பந்தோடு பாய்ந்து வர, என் மகள் அவளது சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள். விசில். ஆறாவது கோடு. பத்து மீற்றரில் பந்து. கோலுக்குள் நின்ற சின்னப் பிள்ளையைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பந்து அவளது கைக்கு எட்டாமல் உள்ளே போயிற்று. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம்.

என் பின்னால் ஒரு குரல் கேட்டது. "அந்தச் சோனகப் பிள்ளையாலதான் தோத்தது."

சகோதரிகளே, அந்த நேரம் என் உடம்பில் ஓடியதை எப்படி எழுதுவது? நான் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவள். 1990 ஒக்டோபர் 30இல் எனக்கு ஒன்பது வயது. இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். வாப்பா வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டார். உம்மாவின் காதிலிருந்த தோடு கூட வழியில் போயிற்று. வட மாகாணத்திலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் அப்படி வெளியேறினார்கள். யாரோ சிலர் செய்ததாகச் சொல்லப்பட்ட ஒன்றுக்காக, பாலைக் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையும் பாயில் கிடந்த மூத்தம்மாவும் கணக்குத் தீர்த்தார்கள். புத்தளத்து உப்புக் காற்றில் ஓலைக் கொட்டிலுக்குள்ளேதான் நான் பெரியவளானேன். அந்தக் குரலைக் கேட்டதும் முப்பத்தைந்து வருடம் ஒரு நொடியில் சுருங்கிவிட்டது. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும், இனி இந்தப் பந்தும் வேண்டாம், தாளும் வேண்டாம் என்றே நினைத்தேன்.

நான் எழும்புவதற்குள் அணித் தலைவி திரும்பினாள். எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கைப் பிள்ளை. வியர்வை வழிய, மேசையிலிருந்த பவுல் தாளைக் காட்டிச் சொன்னாள்: "அவ தனிய தோற்கடிக்கேல்லை. முதல் அஞ்சு பவுலும் நாங்கள்தானே செய்தனாங்கள். அதில ரெண்டு நான்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு போய், குந்தியிருந்து அழுத என் மகளின் தோளில் கைபோட்டுக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிப் போனாள். அந்தக் குரலுக்கு மேல் ஒன்றும் வரவில்லை. பக்கத்திலிருந்த ஒரு தாய், நான் எழும்பப் பார்த்ததைக் கண்டு என் கையைப் பிடித்தார். "இருங்கோ அக்கா, பிள்ளையள் பார்த்துக்கொள்ளுவினம்" என்றார். இருந்தேன்.

அன்று இரவு மகள் சாப்பிடவில்லை. "உம்மா, ஆறாவது மட்டும் ஏன் என்ட பேரில?" என்று கேட்டாள். அதுவரை அவளிடம் சொல்லாத 1990இன் கதையை அன்றுதான் முழுதாகச் சொன்னேன். பிறகு இருவருமாக யோசித்தோம்.

ஒருத்தி செய்த பிழையின் பாரத்தை அணி முழுவதும் தூக்குவது விளையாட்டில் சரி. ஐந்து பேரும் விரும்பிச் சேர்ந்தவர்கள்; ஒருவரையொருவர் கட்டுப்படுத்த வேண்டியவர்கள். ஆறாவது கோடு விழுகிறதென்றால் முதல் ஐந்தும் எப்படி விழுந்தன என்று எல்லோரும்தான் பார்க்க வேண்டும். ஆனால் வாழ்க்கையில், ஒருவரின் குற்றத்தை அவர் பிறந்த இனத்தின் தலையில் சுமத்துவது அநியாயம். ஒருவர் சுமையை மற்றவர் மேல் ஏற்றக் கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. அந்தக் குரல் செய்த பிழை, அணியின் கணக்கை இனத்தின் கணக்காக்கியது. அந்தப் பிள்ளை செய்த நன்மை, அதை மீண்டும் அணியின் கணக்காக்கியது. ஒரு மனிதரின் பேச்சுக்காகப் பளை முழுவதையும் நான் வெறுத்துப் போயிருந்தால், நானும் அதே பிழையைத்தானே செய்திருப்பேன்?

இன்னொரு விதியும் உண்டு. முதற் பாதி முடிந்ததும் பவுல் கணக்கை அழித்துவிட்டுப் பூச்சியத்திலிருந்து எண்ணுவார்கள். ஆனால் கோல் கணக்கை அழிப்பதில்லை. போனது போனதுதான், பலகையில் அப்படியே நிற்கும். அதைக் கேட்டு என் மகள் சொன்னாள்: "அப்ப உங்கட வீடு போனது கோல் கணக்கு, உம்மா." நான் வாயடைத்துப் போனேன். உண்மைதான். இழந்த காணியும் வீடும் எங்கள் பலகையில் நிற்கத்தான் வேண்டும். அதற்கு நீதி கேட்கத்தான் வேண்டும். ஆனால் அன்றைய பகையை இன்றைய பிள்ளைகளின் பெயருக்கு நேரே கோடாக இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அன்பானவர்களே, விளையாட்டு நம் மார்க்கத்துக்கு அந்நியமானதல்ல. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதை ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன. ஒரு முறை அன்னையார் முந்தினார்கள்; பின்னொரு முறை நபியவர்கள் முந்தினார்கள். மனைவியிடம் தோற்பதை அவர்கள் குறைவாக எண்ணவில்லை.

ஆகவே, உங்கள் பிள்ளையும் ஒரு தாளைக் கொண்டுவந்தால், மறுப்பதற்கு முன் வாசியுங்கள். யார் பொறுப்பு, மத்தியஸ்தர் யார், எத்தனை மணிக்கு முடியும், தொழுகைக்கு நேரம் உண்டா, நோன்பு காலத்தில் ஆட்டம் உண்டா என்று கேளுங்கள். ஊசியில்லாத தலைத்துணி ஒன்றைத் தைத்துக் கொடுங்கள். தோட்டைக் கழற்றி நீங்களே பத்திரப்படுத்துங்கள். முடிந்தால் ஒரு ஆட்டத்துக்காவது போய் உட்காருங்கள். திருப்தியில்லையென்றால் மறுக்கவும் உங்களுக்கு உரிமையுண்டு. ஆனால் அந்த மறுப்பு அறிந்து சொன்னதாக இருக்கட்டும்.

அடுத்த ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அதில் என் மகள் கோல் ஒன்றும் போடவில்லை. பவுல் ஒன்று செய்தாள். உடனே கையை உயர்த்தி ஒத்துக்கொண்டாள். பந்து ஒரு முறை வேலியைத் தாண்டிப் பனங்கூடலுக்குள் ஓடியது. பத்துப் பிள்ளைகளும் சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளேயே நின்று, பொறுப்பானவர் எடுத்து வரும்வரை காத்திருந்தார்கள். எனக்கு அதுதான் அன்றைய ஆட்டத்தில் மிக அழகான காட்சி.

மாமி இன்னும் முழுமனதாகச் சம்மதம் சொல்லவில்லை. "தலைத்துணி கழராமப் பாத்துக்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

எல்லாப் பிள்ளைகளின் கால்களையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.